வேகத் தரவும் உள்ளமைந்த செயற்கைக்கோள் வழிகாட்டலும் கொண்ட புதிய கைக்கருவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரவிருக்கும் கைக்கருவிகளைப் பற்றிய அறிவிப்புகளில் வேகமான மொபைல் தரவும் செயற்கைக்கோள் வழிகாட்டலும் எப்போதும் சேர்த்தே பேசப்படுகின்றன. அப்படிப் பேசப்படுவதாலேயே ஒன்றின் குணத்தை மற்றொன்றின் மேல் ஏற்றிப் புரிந்துகொள்வது பரவலாகிவிட்டது. தமக்கென ஒரு கருவி வாங்க எண்ணுபவர்களும், களப்பணிக்காகப் பல கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

எந்தெந்தக் கருவிகள் இதில் அடங்கும்?

கைபேசி, சிறிய டேப்லெட், கைக்கடிகாரம், நில அளவைப் பணியாளர்களும் பொருள் விநியோகிப்பவர்களும் பயன்படுத்தும் உறுதியான தொழில்முறைக் கருவி, மலையேறுபவர்கள் எடுத்துச்செல்லும் வழிகாட்டிக் கருவி ஆகிய அனைத்தும் அடங்கும். இந்த இரண்டு வசதிகளும் ஒரே கருவியில் சேர்ந்தது புதிய செய்தியன்று. 1999இல் வந்த பெனிஃபான் எஸ்க் என்னும் கைபேசியிலேயே ஜிபிஎஸ் ஏற்பி, அதாவது செயற்கைக்கோள் சமிக்ஞையைப் பெறும் பகுதி, இருந்தது. 2007இல் விற்பனைக்கு வந்த நோக்கியா என்95, அன்றைக்கு வேகமானதாகக் கருதப்பட்ட 3ஜி தரவையும் ஜிபிஎஸ்ஸையும் ஒன்றாகத் தந்தது. 2008 ஜூலையில் வெளியான ஐஃபோன் 3ஜி அந்தச் சேர்க்கையைப் பொதுவழக்காக்கியது. இப்போது வருகின்றவற்றில் மாறியிருப்பவை இரண்டு: தரவுப் பக்கத்தில் 5ஜியின் அடுத்த கட்டம் வந்திருக்கிறது, வழிகாட்டல் பக்கத்தில், பல நாடுகளின் செயற்கைக்கோள்களை இரண்டு அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் கேட்கக்கூடிய ஏற்பிகள் வந்திருக்கின்றன.

தரவு வேகம் கூடினால் இருப்பிடத்தின் துல்லியமும் கூடுமா?

கூடாது. மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் செய்தி இதுதான் என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. தரவு மோடமும் செயற்கைக்கோள் ஏற்பியும் ஒரே சிப்பில் அமைந்திருந்தாலும் அவற்றின் வேலை வேறு வேறு. மோடம் அருகிலுள்ள கோபுரத்தோடு இருவழியாகப் பேசுகிறது. ஏற்பியோ ஏறத்தாழ 20,000 கி.மீ. உயரத்திலிருந்து வரும் மிக மெல்லிய சமிக்ஞையைக் கேட்க மட்டுமே செய்கிறது. வினாடிக்கு ஒரு ஜிகாபிட் வேகத்தில் தரவு கிடைக்கும் தெருவில் நின்றாலும், இருபுறமும் உயர்ந்த கட்டடங்கள் வானத்தை மறைத்தால் திரையில் தெரியும் புள்ளி பத்து இருபது மீட்டர் தள்ளி அடுத்த தெருவில் நிற்கக்கூடும். கோபுரமே இல்லாத திறந்தவெளியில் அதே கருவி சில மீட்டருக்குள் சரியான இடத்தைக் காட்டும். ஆகவே பெட்டியின் மேல் எழுதப்பட்டுள்ள 5ஜி என்பதைப் பார்த்து வழிகாட்டலின் தரத்தை முடிவுசெய்ய முடியாது. முதல் இருப்பிடத்தை விரைவில் கண்டறிவதற்கும், வரைபடத்தையும் சாலை நெரிசல் நிலவரத்தையும் கொண்டுவருவதற்கும் தரவு துணைநிற்கிறது. அதன் பங்கு அவ்வளவே.

அப்படியானால் கருவி தன் இடத்தை எப்படிக் கணிக்கிறது?

ஒவ்வொரு வழிகாட்டல் செயற்கைக்கோளும் தன்னுள் இருக்கும் அணுக்கடிகாரத்தின் நேரத்தையும், தன் சுற்றுப்பாதையின் விவரத்தையும் இடைவிடாமல் பரப்பிக்கொண்டிருக்கிறது. சமிக்ஞை புறப்பட்ட நேரத்துக்கும் கருவியை வந்தடைந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் அந்தச் செயற்கைக்கோள் இருக்கும் தூரம் கிடைக்கும். மூன்று செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் தெரிந்துவிட வேண்டும் என்று தோன்றும். ஆனால் கையில் இருக்கும் கருவியில் அணுக்கடிகாரம் இல்லை. சாதாரண குவார்ட்ஸ் கடிகாரமே இருக்கிறது. ஒளி ஒரு நானோவினாடியில் 30 செ.மீ. கடப்பதால், கடிகாரம் ஒரு மைக்ரோவினாடி பிசகினாலே தூரத்தில் 300 மீட்டர் பிழை வந்துவிடும். இதனால்தான் நான்காவது செயற்கைக்கோள் தேவைப்படுகிறது. அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் ஆகிய மூன்றோடு கருவிக் கடிகாரத்தின் பிழையும் நான்காவது அறியாத எண்ணாக வைக்கப்பட்டு, நான்கும் ஒன்றாகத் தீர்க்கப்படுகின்றன.

சார்பியல் கொள்கையும் இந்தக் கணக்கில் நேரடியாகப் பங்கெடுக்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் வேகத்தால் அதன் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 மைக்ரோவினாடி பின்தங்குகிறது. அங்கே ஈர்ப்பு குறைவாக இருப்பதால் 45 மைக்ரோவினாடி முந்துகிறது. மிஞ்சும் 38 மைக்ரோவினாடியைத் திருத்தாமல் விட்டால், ஒரே நாளில் 11 கி.மீ.க்கு மேற்பட்ட தூரப் பிழை சேரும். அந்தத் திருத்தம் தொடக்கத்திலிருந்தே அமைப்பில் இடம்பெற்றிருக்கிறது.

இந்தக் கணக்கில் இருப்பிடத்தோடு மிகத் துல்லியமான நேரமும் சேர்ந்து கிடைக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தரவை அனுப்பவும் (ஏற்றம்) பெறவும் (இறக்கம்) ஒரே அலைவரிசையை மாறி மாறிப் பயன்படுத்தும் 5ஜி வலையமைப்புகளில் அடுத்தடுத்த கோபுரங்களின் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று 3 மைக்ரோவினாடிக்கு மேல் விலகக் கூடாது. அந்த ஒத்திசைவுக்குப் பல வலையமைப்புகள் வழிகாட்டல் செயற்கைக்கோள்களின் நேரத்தையே நம்பியிருக்கின்றன. வேகமான தரவு வழிகாட்டலுக்குத் துல்லியம் தருவதில்லை. ஆனால் வழிகாட்டல் செயற்கைக்கோள்கள் வேகமான தரவுக்கு நேரத்தைத் தந்துகொண்டிருக்கின்றன. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த உண்மை இது.

இணையம் இல்லாத இடத்தில் வழிகாட்டல் வேலைசெய்யுமா?

இருப்பிடம் கிடைக்கும், வரைபடம் கிடைக்குமா என்பது முன்கூட்டியே அதைச் சேமித்தீர்களா என்பதைப் பொறுத்தது. வானொலி கேட்பவர் நிலையத்துக்கு எதையும் அனுப்ப வேண்டியதில்லை என்பதைப் போலவே, ஏற்பியும் செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்புவதில்லை. அதற்குச் சிம் அட்டையோ சந்தாவோ வேண்டாம். ஆனால் கிடைத்த எண்களைச் சாலையாகவும் ஊராகவும் மாற்றிக் காட்ட வரைபடம் கருவியின் நினைவகத்தில் இருக்க வேண்டும். தொலைவான இடங்களுக்குச் செல்பவர்கள் புறப்படுவதற்கு முன் அந்தப் பகுதியின் வரைபடத்தை இறக்கிவைப்பதைக் கட்டாய வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சில செயலிகள் வரைபடத்தைச் சேமித்தாலும் வழித்தடத்தைக் கணக்கிட இணையத்தை நாடுகின்றன. அதையும் வீட்டிலேயே, தரவை நிறுத்திவைத்துச் சோதித்துக்கொள்வது நல்லது.

கருவியை இயக்கியதும் இடம் தெரியச் சில நேரம் ஏன் தாமதமாகிறது?

ஜிபிஎஸ்ஸின் பழைய பொதுப்பயன்பாட்டுச் சமிக்ஞை தன் செய்தியை வினாடிக்கு வெறும் 50 பிட் வேகத்தில் அனுப்புகிறது. ஒரு செயற்கைக்கோளின் துல்லியமான பாதை விவரம் 30 வினாடிக்கு ஒருமுறை மீண்டும் வருகிறது. எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராயமான இருப்பைச் சொல்லும் பட்டியல் முழுமையாக வந்துசேர 12.5 நிமிடம் ஆகும். நடுவில் ஒரு மரமோ சுவரோ குறுக்கிட்டால் விடுபட்ட பகுதி மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பைப் போக்குவதற்காகவே துணைபெறும் ஜிபிஎஸ் என்னும் முறை வந்தது. அதே பாதை விவரத்தை மொபைல் தரவின் வழியாகச் சில கிலோபைட்டுகளாகப் பெற்றுக்கொண்டால், ஏற்பி சில வினாடிகளிலேயே கணக்கைத் தொடங்கிவிடும்.

இதற்கு 5ஜி வேகம் வேண்டியதில்லை, 2ஜி இணைப்பே போதும். பாதை விவரம் ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்குப் பயன்படும். பல கருவிகள் அடுத்த சில நாள்களுக்கான கணிப்பையும் முன்னரே இறக்கிவைத்துக்கொள்கின்றன. நெடுநாள் அணைந்திருந்த கருவியைத் தரவு இல்லாத இடத்தில் இயக்கினால், திறந்த வானத்தின் கீழ் அசையாமல் சில நிமிடம் வைத்திருங்கள். அது பழுதாகிவிட்டதென்று எண்ண வேண்டியதில்லை.

ஜிபிஎஸ் மட்டும் போதாதா? ஏன் இத்தனை பெயர்கள்?

ஜிபிஎஸ் அமெரிக்காவின் அமைப்பு. 1995இல் முழுமையாகச் செயல்படத் தொடங்கியது. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழை 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கப்பட்டது. கைக்கருவிகளில் வழிகாட்டல் பயனுள்ளதாக மாறியதற்கு அந்த ஒரு முடிவு பெரும் காரணம். ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்தோ ஆகியவையும் உலகம் முழுவதற்குமானவை. கலிலியோ 2016 டிசம்பரில் தொடக்க சேவையை அறிவித்தது. பெய்தோவின் மூன்றாம் தலைமுறை 2020இல் நிறைவடைந்தது. இந்தியாவின் நாவிக், ஜப்பானின் கியூஇசட்எஸ்எஸ் ஆகியவை குறிப்பிட்ட வட்டாரங்களுக்கானவை.

எண்ணிக்கை கூடுவதன் பயன் திறந்தவெளியில் அவ்வளவாகத் தெரியாது. வானத்தின் ஒரு பகுதி மட்டுமே தெரியும் இடங்களில்தான் அது தெரியும். பள்ளத்தாக்கிலோ கட்டடங்களுக்கு நடுவிலோ ஜிபிஎஸ்ஸின் செயற்கைக்கோள்கள் மூன்று மட்டுமே கண்ணுக்கு எட்டும் நேரத்தில், மற்ற அமைப்புகளின் ஐந்தாறு செயற்கைக்கோள்கள் சேர்ந்தால் இருப்பிடமே கிடைக்காத நிலை மாறி, நம்பத்தக்க இருப்பிடம் கிடைக்கும்.

இரட்டை அதிர்வெண் என்பது என்ன? அது உண்மையிலேயே தேவையா?

புதிய கருவி வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய ஒரே ஒரு விவரத்தைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். நெடுங்காலமாகக் கைக்கருவிகள் 1575.42 மெகாஹெர்ட்ஸில் உள்ள எல்1 என்னும் சமிக்ஞையை மட்டுமே கேட்டுவந்தன. இரட்டை அதிர்வெண் ஏற்பி அதோடு 1176.45 மெகாஹெர்ட்ஸில் உள்ள எல்5 சமிக்ஞையையும் கேட்கிறது. இதனால் இரண்டு பிழைகள் குறைகின்றன.

முதலாவது வளிமண்டலப் பிழை. மேல் வளிமண்டலத்தில் உள்ள அயனி மண்டலம் சமிக்ஞையைத் தாமதப்படுத்துகிறது. தாமதத்தின் அளவு அதிர்வெண்ணைப் பொறுத்து மாறுகிறது. ஒரே செயற்கைக்கோளின் இரண்டு அதிர்வெண்களும் எவ்வளவு வித்தியாசத்தில் வந்துசேர்கின்றன என்று அளந்தால் தாமதத்தையே கணக்கிட்டு நீக்கிவிடலாம். ஒற்றை அதிர்வெண் கருவி இதற்கு ஒரு பொதுவான மாதிரியைத்தான் நம்பியிருக்க வேண்டும். காந்த நடுக்கோட்டின் இருபுறங்களிலும் உள்ள வெப்பமண்டலப் பகுதிகளில், குறிப்பாகச் சூரியச் செயற்பாடு மிகுந்த ஆண்டுகளில், அந்த மாதிரி அதிகமாகப் பிசகும்.

இரண்டாவது எதிரொலிப்புப் பிழை. நகரத்தில் நடப்பவர்களுக்கு இதுவே பெரிது. கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பிய சமிக்ஞை நேராக வந்த சமிக்ஞையோடு கலந்துவிடும்போது ஏற்பி தூரத்தைக் கூட்டிக் கணக்கிடுகிறது. தூரத்தை அளக்க உதவும் குறியீடு சமிக்ஞையில் சிறுசிறு துண்டுகளாக வருகிறது. எல்1இன் பழைய குறியீட்டில் ஒரு துண்டின் நீளம் ஏறத்தாழ 293 மீட்டர். எல்5இல் அது பத்தில் ஒரு பங்கு, அதாவது 29 மீட்டர். துண்டு குறுகியதாக இருப்பதால், சற்றுத் தாமதித்து வரும் எதிரொலியை நேரான சமிக்ஞையிலிருந்து பிரித்தறிவது எளிதாகிறது.

மக்கள் சந்தைக்கான இரட்டை அதிர்வெண் சிப்பை பிராட்காம் நிறுவனம் 2017இல் அறிவித்தது. ஷியோமி மி 8 என்னும் கைபேசி 2018இல் அதனோடு வெளிவந்தது. ஆப்பிள் 2022இன் ஐஃபோன் 14 புரோ வரிசையில் இதைச் சேர்த்தது. ஆனால் இன்றும் ஒரே வரிசையில் வெளிவரும் இரண்டு மாதிரிகளில் ஒன்றில் மட்டும் இந்த வசதி இருப்பது உண்டு. பெயரளவில் நெருங்கிய கருவிகளை ஒன்றென எண்ணிவிடாமல் விவரப் பட்டியலில் எல்5, இ5ஏ, பி2ஏ ஆகிய குறிகளில் எவை இருக்கின்றன என்று பாருங்கள். ஜிபிஎஸ்ஸின் எல்லாச் செயற்கைக்கோள்களும் இன்னும் எல்5ஐ அனுப்புவதில்லை. அதனால் இந்த அதிர்வெண்ணில் கலிலியோவின் இ5ஏவும் பெய்தோவின் பி2ஏவும் பெரும்பங்கு வகிக்கின்றன. அவற்றை ஏற்காத இரட்டை அதிர்வெண் கருவியால் முழுப் பயன் கிடைக்காது.

நாவிக் வசதி உள்ள கருவிகளில் என்ன பார்க்க வேண்டும்?

நாவிக் தொடக்கத்தில் எல்5 அதிர்வெண்ணிலும் எஸ் அலைவரிசையிலும் மட்டுமே சமிக்ஞை அனுப்பியது. ஆகவே எல்5 கேட்காத கருவிகளால் அதைப் பயன்படுத்த இயலவில்லை. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்விஎஸ்-01 செயற்கைக்கோள் எல்1 அதிர்வெண்ணையும் சேர்த்துக்கொண்டது. சிறிய கைக்கடிகாரங்கள் வரை நாவிக் சென்றுசேர வழி திறந்தது அதனால்தான். இந்தியாவிலும் அதன் எல்லையிலிருந்து ஏறத்தாழ 1,500 கி.மீ. வரையிலும் பயன்படும்படி இது வடிவமைக்கப்பட்டது.

சென்டிமீட்டர் துல்லியம் என்ற வாக்குறுதியை நம்பலாமா?

எந்தச் சூழலில் என்று கேளுங்கள். திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரணத் திறன்பேசி ஏறத்தாழ 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லும். நல்ல இரட்டை அதிர்வெண் கருவி அதைக் கணிசமாகக் குறைக்கும். அதற்குக் கீழே செல்ல, பிழைத்திருத்தத் தரவு வேண்டும். கலிலியோ 2023 ஜனவரியில் தொடங்கிய உயர்துல்லிய சேவை, கட்டணமின்றி 20 செ.மீ. அளவிலான துல்லியத்தை இலக்காகக் கொண்டது. ஆனால் அதற்கேற்ற ஏற்பியும் ஆன்டெனாவும் வேண்டும். கைபேசியின் ஆன்டெனா மிகச் சிறியது. எதிரொலியை வடிகட்டும் திறன் குறைந்தது. அதைக் கையால் மூடியும் பிடிக்கிறோம். தரையிலுள்ள அடிப்படை நிலையங்களின் திருத்தத்தை உடனுக்குடன் பெறும் முறையில் சென்டிமீட்டர் துல்லியம் உண்மையிலேயே கிடைக்கிறது. ஆனால் அது வெளியே பொருத்தப்பட்ட அளவை ஆன்டெனாவுடன் கூடிய தொழில்முறைக் கருவிகளுக்கே உரியது. அந்தத் திருத்தத் தரவுக்கும் வினாடிக்குச் சில கிலோபிட் இருந்தால் போதும். அதற்கு வேகத்தைவிட அறுபடாத இணைப்பே முக்கியம்.

சட்டப்பூர்வமான நில எல்லையைக் கைபேசியை வைத்து முடிவுசெய்யாதீர்கள்.

அப்படியானால் வேகமான தரவு எதற்கு? 5ஜியில் உண்மையில் என்ன கிடைக்கிறது?

5ஜிக்காகப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த இலக்குகளில் வினாடிக்கு 20 ஜிகாபிட் என்பது ஆய்வுநிலை உச்சவேகம். பயனர் பொதுவாக உணர வேண்டிய இறக்கவேகமாகக் குறிக்கப்பட்டது 100 மெகாபிட். இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியை மனத்தில் வைத்துக்கொண்டால் விளம்பரங்களைச் சரியாகப் படிக்கலாம். வேகத்தைத் தீர்மானிப்பது அலைவரிசை. ஒரு ஜிகாஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவை தொலைவு செல்லும், வேகம் குறைவு, 3.5 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டியவை நடுத்தரம். 24 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேலுள்ளவை மிக வேகமானவை, ஆனால் சுவரைத் தாண்டுவதே அரிது. கருவி எந்தெந்த அலைவரிசைகளை ஏற்கிறது என்பதை நீங்கள் பயன்படுத்தும் வலையமைப்போடு ஒப்பிட்டுப் பார்க்காமல் 5ஜி கருவி என்று வாங்குவதில் பொருளில்லை. 4ஜி வலையமைப்பின் மையப் பகுதியைச் சாராமல் தனித்தியங்கும் 5ஜியையும் கருவி ஏற்கிறதா என்பதையும் கேட்டறியுங்கள். காத்திருப்பு நேரம் குறைவது அங்கேதான் முழுமையாக வெளிப்படும்.

வரைபடம் பார்க்க மட்டும் என்றால் 4ஜியே தாராளம். ஏற்றவேகம் தேவைப்படுபவர்களுக்குத்தான் புதிய மோடம் உண்மையான மாற்றத்தைத் தருகிறது: விபத்து நடந்த இடத்திலிருந்து நேரலைக் காணொளி அனுப்பும் மீட்புக்குழு, இடக்குறி பதிந்த நூற்றுக்கணக்கான படங்களைக் களத்திலிருந்தே அனுப்பும் ஆய்வாளர் போன்றவர்கள். கைக்கடிகாரம் போன்ற சிறு கருவிகளுக்கென, திறனையும் மின்செலவையும் குறைத்த ரெட்கேப் என்னும் 5ஜி வகை 2022இல் முடிவான தரத்தில் சேர்க்கப்பட்டது. 2025இல் ஆப்பிளின் கடிகாரங்களில் அது இடம்பெற்றது. இனி வரும் கைக்கடிகாரங்களிலும் களக்கருவிகளிலும் இதை எதிர்பார்க்கலாம்.

கட்டடத்துக்குள் செயற்கைக்கோள் கிடைக்காதபோது கோபுரங்கள் உதவுமா?

உதவும், ஓரளவுக்கு. 2020இல் முடிவான 5ஜி தரத்தின் 16ஆம் வெளியீடு, கோபுரங்களின் சமிக்ஞையைக் கொண்டே கட்டடத்துக்குள் 3 மீட்டர் அளவில் இடம் காண்பதை இலக்காக வைத்தது. அதற்கு வலையமைப்பு நிறுவனமும் தன் பக்கத்தில் தேவையானவற்றை நிறுவ வேண்டும்; கருவியில் மட்டும் வசதி இருந்து பயனில்லை. இன்று நடைமுறையில் உள்ளறை இருப்பிடத்துக்குப் பெரும்பாலும் கைகொடுப்பவை வைஃபையும் கருவியின் அசைவுணரிகளும்தான்.

செயற்கைக்கோளோடு நேரடியாகப் பேசும் கைபேசி என்பதும் இதுவும் ஒன்றா?

வேறு. வழிகாட்டல் செயற்கைக்கோள்கள் பொதுவாக ஒருவழி. அவசரச் செய்தி அனுப்பும் வசதி இருவழித் தொடர்பு. அதற்கு வேறு செயற்கைக்கோள்கள் வேண்டும். ஐஃபோன் 14இல் 2022 நவம்பரில் தொடங்கிய அவசரச் சேவை, ஏறத்தாழ 1,400 கி.மீ. உயரத்தில் சுற்றும் குளோபல்ஸ்டார் செயற்கைக்கோள்களைப் பயன்படுத்துகிறது. சாதாரணக் கைபேசியோடு நேரடியாகப் பேசக்கூடிய தன் முதல் செயற்கைக்கோள்களை ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் 2024 ஜனவரியில் ஏவியது. பெய்தோ இதில் விதிவிலக்கு: வழிகாட்டலோடு குறுஞ்செய்தி வசதியும் அதற்கு உண்டு, 2022இல் வந்த ஹுவாவே மேட் 50 அதைப் பயன்படுத்தியது. இத்தகைய சேவைகள் நாட்டுக்கு நாடு அனுமதியைப் பொறுத்தவை. ஒரு நாட்டில் வாங்கிய கருவி இன்னொரு நாட்டில் ஆபத்து நேரத்தில் செய்தி அனுப்பும் என்று உறுதிப்படுத்தாமல் நம்பிப் புறப்படாதீர்கள்.

அவசர அழைப்பில் என் இடம் தானாகச் சென்றுசேருமா?

பல நாடுகளில் சேரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மார்ச் 17 முதல் சந்தைக்கு வரும் திறன்பேசிகள், 112 எண்ணை அழைக்கும்போது கலிலியோ உள்ளிட்ட செயற்கைக்கோள் வழிகாட்டலும் வைஃபையும் கொண்டு கண்டறிந்த இடத்தை அனுப்பும் திறன் பெற்றிருக்க வேண்டும். கைபேசி அந்த நேரத்தில் இருப்பிட வசதியைத் தானே இயக்கி, கிடைத்த இடத்தைக் குறுஞ்செய்தியாகவும் அனுப்ப முடியும். உயிர் காக்கும் இந்தச் செய்தி சில பத்து எழுத்துகளுக்கு மேல் இராது. ஏற்பி தரமானதாக இருப்பது இங்கே வேறெதையும்விட முக்கியமாகிறது.

பேட்டரி தாங்குமா?

வழிகாட்டலின்போது மின்சாரத்தை அதிகம் உண்பது பெரும்பாலும் திரை, அதற்கடுத்து மோடம். கோபுரம் தொலைவில் இருந்தால் மோடம் தன் ஒலிபரப்புத் திறனை உச்சத்துக்கு, அதாவது ஏறத்தாழ 200 மில்லிவாட்டுக்கு உயர்த்திக்கொள்கிறது. சமிக்ஞையே இல்லாவிட்டால் தேடிக்கொண்டே இருக்கிறது. ஆகவே காட்டிலும் மலையிலும் விமானப் பயன்முறையை இயக்கி, இருப்பிட வசதியை மட்டும் விட்டுவைப்பது பேட்டரியைப் பெரிதும் காக்கும். இன்றைய பெரும்பாலான கைபேசிகளில் விமானப் பயன்முறையிலும் ஏற்பி வேலைசெய்யும்.

சமிக்ஞையைக் குலைக்கவோ போலியாக்கவோ முடியுமா?

முடியும். தரையை அடையும் ஜிபிஎஸ் சமிக்ஞையின் திறன், ஒரு வாட்டை நூறு கோடிக் கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்கை ஒட்டியது. அதைவிட வலுவான இரைச்சலை உண்டாக்குவது கடினமன்று, பெரும்பாலான நாடுகளில் அது குற்றமும்கூட. போலிச் சமிக்ஞையைக் கண்டறிய, தன் செய்தியிலேயே எண்ம முத்திரை சேர்க்கும் சேவையைக் கலிலியோ 2025இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வரவிருக்கும் ஏற்பிகளில் இந்த வசதி இருந்தால் அதற்கு மதிப்புக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டு அதிர்வெண்களையும் பல அமைப்புகளையும் கேட்கும் கருவிக்கு இயல்பாகவே தாக்குப்பிடிக்கும் திறன் சற்று அதிகம்.

என் இருப்பிடத்தை யார் அறிவார்கள்?

ஏற்பி எதையும் அனுப்பாததால் செயற்கைக்கோள் உங்களை அறியாது. கோபுரத்தோடு இணைந்திருக்கும்வரை வலையமைப்பு நிறுவனம் தோராயமாக அறியும். துல்லியமாக அறிவது, நீங்கள் அனுமதி கொடுத்த செயலிகள். தோராயமான இருப்பிடத்தை மட்டும் தரும் தெரிவு ஐஓஎஸ் 14இல் 2020இலும் ஆண்ட்ராய்டு 12இல் 2021இலும் வந்தது. வழிகாட்டும் செயலிக்குத் துல்லியம் வேண்டும். வானிலை சொல்லும் செயலிக்கு வேண்டியதில்லை. வேகமான தரவு வந்தபின் இருப்பிடப் பதிவுகள் நமக்குத் தெரியாமலே நொடியில் வெளியேறிவிடுவதால், இந்த அனுமதிகளை ஒருமுறை உட்கார்ந்து சரிபார்ப்பது அவசியம்.

கருவி எத்தனை ஆண்டு பயன்படும்? அடுத்த தலைமுறைக்குக் காத்திருக்கலாமா?

6ஜி 2030ஐ ஒட்டியே வரும் என எதிர்பார்க்கப்படுவதால் அதற்காகக் காத்திருப்பதில் பயனில்லை. இரண்டு பகுதிகளும் வெவ்வேறு வேகத்தில் முதுமையடைகின்றன. பல நாடுகளில் 3ஜி வலையமைப்புகள் மூடப்பட்டதும் அந்தக் கருவிகளின் தரவுப் பகுதி செயலிழந்தது. அவற்றின் ஜிபிஎஸ் பகுதி இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறது. வழிகாட்டல் பகுதிக்கும் ஓர் ஆபத்து உண்டு: பழைய ஜிபிஎஸ் செய்தியில் வார எண்ணுக்கு 10 பிட் மட்டுமே இருப்பதால் 1,024 வாரங்களுக்கு ஒருமுறை அது பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியபோது மேம்படுத்தப்படாத சில பழைய ஏற்பிகள் தேதியைத் தவறாகக் காட்டின. அடுத்தது 2038 நவம்பரில் வரும். மென்பொருள் மேம்பாடு எத்தனை ஆண்டுக்குத் தரப்படும் என்று கேட்பது இதனாலும் முக்கியம்.

வாங்கிய கருவியை எப்படிச் சோதிப்பது?

செயற்கைக்கோள்களைப் பட்டியலிடும் செயலி ஒன்றை நிறுவி, வானம் திறந்த இடத்தில் நின்று, எத்தனை அமைப்புகள் தெரிகின்றன, எல்5 அதிர்வெண்ணிலும் சமிக்ஞை வருகிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு கருவிகளில் இந்த விவரம் விரிவாகவே கிடைக்கும். ஐஃபோனில் செயலிகளுக்கு இது தரப்படுவதில்லை. பிறகு நன்கு தெரிந்த பாதை ஒன்றில், ஒருமுறை திறந்தவெளியிலும் ஒருமுறை உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும் நடந்து, பதிவான தடத்தை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். இதே சோதனையை விமானப் பயன்முறையிலும் செய்யுங்கள். இணையத்தின் உதவி இல்லாமல் கருவி எப்படி நடந்துகொள்கிறது என்பது அப்போதுதான் தெரியும். தினமும் பயன்படுத்தப்போகும் உறையை மாட்டியே நடந்து பாருங்கள். உலோகத் தகடு உள்ள உறை ஆன்டெனாவை மறைக்கும், காந்தம் உள்ள உறை திசைகாட்டியைத் திருப்பும். தடம் கோணலாக வந்தால் கருவியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் உறையைக் கழற்றிவிட்டு மறுபடி ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும்.